பதினேழு பேர் படிக்கும் பள்ளியில் ஓர் ஆண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி ஆண்டு விழாவின்போது பந்தலின் கடைசி வரிசையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த வகுப்புத் தோழன் ஒருவன் என்னைக் கேட்டான்: "உங்க ஊர்த் தொடக்கப் பள்ளி ஆண்டு விழான்னு சொல்லி ரெண்டு நாள் லீவு போட்டியே, அங்க என்னப்பா பெரிய விழா? கொடி ஏத்துவாங்க, மிட்டாய் கொடுப்பாங்க, அவ்வளவுதானே?"

ஒலிபெருக்கி முழங்கிக் கொண்டிருந்த நேரம் அது. அவனுக்கு அப்போது விடை சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு வரியில் சொல்லக் கூடியதன்று. ஆகவே நம் கல்லூரி மலரில் கிடைத்த இந்தச் சில பக்கங்களை அந்த விடைக்கே பயன்படுத்திக் கொள்கிறேன். நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலை தொலைவில் நீலமாய்த் தெரியும் ஒரு மானாவாரிச் சிற்றூர். மழை பெய்தால் மல்லாட்டை. பெய்யாவிட்டால் வெளியூர்க் கூலி. (நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கல்லூரிக்கு வந்த புதிதில் இந்தச் சொல்லுக்காக நான் பட்ட கேலி கொஞ்சநஞ்சமன்று.) ஊரின் தெற்குக் கோடியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. இரண்டு அறைகள், ஒரு தாழ்வாரம், ஒரு சத்துணவுக் கூடம், ஒரு வேப்பமரம், ஒரு கொடிக்கம்பம். தலைமையாசிரியரைப் "பெரிய சார்" என்றும், உடன் பணியாற்றும் ஆசிரியையை "டீச்சர்" என்றும் ஊரே அழைக்கும். ஐந்து வகுப்புகளுக்கும் அந்த இருவர்தாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கணக்கு. நான் 2012இல் முதல் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். 2024-25ஆம் கல்வியாண்டில் பதினேழு பேர். குடும்பங்களில் பிள்ளைகள் குறைந்தது ஒரு காரணம். காலை எட்டு மணிக்கு ஊருக்குள் வந்து நிற்கும் தனியார் பள்ளி வேன் மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், சிறிய பள்ளியின் விழாக்களை அந்த எண்ணிக்கையை விட்டுப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் விழா என்பது சிலர் செய்ய மற்றவர் பார்ப்பது. பதினேழு பேர் படிக்கும் பள்ளியில் பார்ப்பதற்கு ஆள் மிஞ்சுவதில்லை.

ஊர்வலமும் அரிசித் தட்டும்

பள்ளி ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் எங்கள் ஊரில் அது கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடும். பெரிய சாரும் டீச்சரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாக நடப்பார்கள். ஐந்து வயது நிரம்பிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊர்த் தலையாரியைக் காட்டிலும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். பிறகு சேர்க்கை ஊர்வலம். முன்னால் பறை, பின்னால் அட்டைகளைப் பிடித்தபடி பிள்ளைகள். "நம் பிள்ளை நம் பள்ளியில்" என்பது போல் எழுதிய அட்டையை நான் இரண்டாம் வகுப்பில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊர் முழுவதும் நடந்தேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு.

சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் காகிதக் கிரீடம் வைத்து, ஒரு தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பார்கள். அந்த அரிசியை அன்றே சத்துணவுப் பானையில் சேர்த்துவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். "எழுத்து வீணாகக் கூடாது, வயித்துக்குள்ள போகட்டும்" என்பார் சமையல் செய்யும் ஆயா. விசயதசமியன்றும் பள்ளியைத் திறந்து வைத்து இதே போல் சேர்க்கை நடத்துவதுண்டு. ஜூனில் தப்பிய ஒன்றிரண்டு பேர் அன்று அகப்படுவார்கள்.

இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் காகிதக் கிரீடத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கிறது. அதன் தாயும் பார்க்கிறாள். வேன் வந்து நிற்கும் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு வேறு விளம்பரம் ஏது?

வாரத்தில் ஒரு முறை

அன்றாடம் காலையில் நடக்கும் வணக்கக் கூட்டத்தை விழா என்று யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் எல்லா விழாவுக்கும் ஒத்திகை அதுதான் என்பேன். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், அதன் பொருள், அன்றைய செய்தி, ஒரு பொது அறிவு வினா, இறுதியில் நாட்டுப்பண். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 நொடிகளில் பாடப்பட வேண்டும் என்பது விதி. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். யார் முந்துகிறார்கள், யார் பிந்துகிறார்கள் என்பது தாழ்வாரத்துத் தூணுக்குக் கூடத் தெரியும்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். குறளுக்கு ஒருவர், பொருளுக்கு ஒருவர், செய்திக்கு ஒருவர், வினாவுக்கு ஒருவர் என நாள்தோறும் நான்கு பேர் முன்னே வந்து நிற்க வேண்டும். பதினேழு பேர் உள்ள இடத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை வாய்ப்பு வந்துவிடுகிறது. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்று சட்டம் சொல்வதை வைத்துப் பெருக்கிப் பார்த்தால், ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒரு பிள்ளை இருநூறு முறைக்கு மேல் எழுந்து நின்று நாலு பேர் கேட்கப் பேசியிருக்கும். இதே ஏற்பாட்டை ஆயிரம் பேர் உள்ள பள்ளியில் செய்தால் ஐந்தாண்டில் நான்கு முறைதான் வாய்ப்பு வரும். நான் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோது இதை உணர்ந்தேன். அங்கே மைக் இருந்தது. என் முறைதான் வரவேயில்லை.

சூலை பதினைந்து

பெருந்தலைவர் காமராசர் பிறந்த நாளாகிய சூலை 15ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டமே இயற்றியது. எங்கள் ஊரில் அன்று பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, இறுதியில் ஒரு சர்க்கரைப் பொங்கல்.

2014ஆம் ஆண்டு, மூன்றாம் வகுப்பில், எனக்கு முதன்முதலாகப் பேச்சு. பெரிய சார் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். பத்து நாட்கள் வேப்பமரத்தடியில் நின்று உருப்போட்டேன். அன்றைக்கு நூறு நாள் வேலையிலிருந்து என் அம்மா கூடையும் கையுமாக வந்து வெளிக்கதவின் அருகே நின்றார். உள்ளே வரவில்லை. அதற்கு முன்பும் அவர் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை. தம் வயதில் படிக்கவும் இல்லை. நான் பேசத் தொடங்கினேன். நான்காவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெரிய சார் எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக் கொண்டிருந்தார். அப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, விட்ட இடத்திலிருந்து அடுத்த வாக்கியத்தை உரக்கச் சொன்னாள். பத்து நாட்களாக ஒரே மரத்தடியில் கேட்டுக் கேட்டு என் பேச்சு அவளுக்கும் மனப்பாடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மீதியைப் பேசி முடித்தேன்.

அன்று மாலை அம்மா சொன்னது இதுதான்: "நடுவுல நின்னுட்டியே. அந்தப் புள்ளதான் எடுத்துக் குடுத்துச்சு. அதுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு."

அந்த நாளின் விளைவு வேறோர் இடத்தில் தெரிந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். சட்டம் எழுதிவிட்டது, கூட்டத்துக்குப் பெண்கள் வர வேண்டுமே! பெரிய சார் ஆள் பிடித்தது விழா நாட்களில்தான். வெளிக்கதவருகே வந்து நிற்பவர்களைப் பார்த்து வைத்துக்கொண்டு பின்னர் வீட்டுக்குப் போய்க் கேட்பார். இவ்வாறுதான் என் அம்மா உறுப்பினரானார். முதல் கூட்டத்தில் பதிவேட்டை நீட்டியபோது கட்டை விரலைக் காட்டினார். பெரிய சார் மைப் பெட்டியைத் தேடினார், கிடைக்கவில்லை என்றார். "அடுத்த மாசம் வாங்கம்மா, அப்பப் போட்டுக்கலாம்." மைப் பெட்டி அவருடைய மேசை அறையிலேயே இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மாதத்தில் என் சிலேட்டில் அம்மா தம் பெயரின் நான்கு எழுத்துகளையும் கற்றுக்கொண்டார். நான்தான் ஆசிரியர். மிகவும் கண்டிப்பான ஆசிரியராக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உணவைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஏனெனில் காமராசர் நாளன்று எல்லாப் பேச்சிலும் அது வரும். சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. காமராசர் 1956இல் அதை மாநிலம் முழுவதற்கும் விரிவான திட்டமாக்கினார். எம்.ஜி.ஆர். 1982 சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்று, படிப்படியாக வாரத்துக்கு ஐந்து. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. நான் படித்த காலத்தில் காலை உணவு கிடையாது. பழைய சோறு இருக்கும் வீட்டுப் பிள்ளை நேரத்தோடு வரும். இல்லாத வீட்டுப் பிள்ளை மதிய மணிக்குச் சற்று முன்னால் வரும். வணக்கக் கூட்டத்தில் அப்பிள்ளையின் முறை அப்படியே கழிந்துவிடும். இப்போது உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் எட்டரை மணிக்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கூட்டத்தில் வரிசை நிரம்பி நிற்கிறது. சோற்றுக்கும் மேடைப் பேச்சுக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

அவிழாத முடிச்சு

ஆகஸ்டு 15க்கு முதல் நாள் மாலையே பள்ளி வேறு முகம் கொண்டுவிடும். தரையோடு தரையாகச் சுவரைச் சுற்றிக் குட்டைக் கரும்பலகை ஓடும். 2007-08இல் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றலின் அடையாளம் அது. ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் அடி அகலத்துக்குச் சொந்த இடம் உண்டு. விழாவுக்கு முன் அவரவர் இடத்தில் அவரவர் கொடி வரைவோம். 24 ஆரங்களையும் சரியாக வரைந்தவர்கள் மிகச் சிலர். எனக்குப் பெரும்பாலும் இருபதுடன் இடம் தீர்ந்துவிடும்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் கொடி பற்றிச் சிறிது விளக்க ஆசைப்படுகிறேன். தலைநகரில் விடுதலை நாளன்று கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார்கள். குடியரசு நாளன்று உச்சியிலேயே கட்டி வைத்த கொடியை அவிழ்த்துப் பறக்க விடுகிறார்கள். எங்களைப் போன்ற ஊர்ப் பள்ளிகளில் இரு நாட்களிலும் அவிழ்ப்பதே வழக்கம். கொடியைப் பூவிதழ்களுடன் மடித்து, கயிற்றால் சுருக்கு முடிச்சிட்டு உச்சிக்கு ஏற்றி வைப்பார்கள். முடிச்சைப் பிடித்து வைத்திருப்பது கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையேயான உராய்வுதான். தொங்கும் முனையை இழுத்தால் கண்ணி நழுவி வெளியே வரும்; கொடி விரியும்; பூ உதிரும். உச்சியில் உள்ள கப்பி விசையின் அளவைக் குறைப்பதில்லை, திசையை மட்டுமே மாற்றுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பில் படித்தேன். பார்த்தது என்னவோ ஒன்றாம் வகுப்பிலேயே.

2015ஆம் ஆண்டு முதல் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஊராட்சித் தலைவர் கயிற்றை இழுத்தார். அவிழவில்லை. மறுபடியும் இழுத்தார். கம்பந்தான் ஆடியது. அபசகுனம் என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரிய சார் பதற்றமில்லாமல் கயிற்றின் மறு பக்கத்தை இழுத்துக் கொடியைக் கீழே இறக்கி, முடிச்சைப் பல்லால் நெகிழ்த்தி, மறுபடி கட்டி ஏற்றினார். அதன்பின் எங்களைப் பார்த்து, "பருத்திக் கயிறு நனைஞ்சா என்ன ஆகும்? சொல்லுங்க பாப்போம்" என்றார். நனைந்த பருத்தி இழை உப்பும், முடிச்சு இறுகும், உராய்வு மிகும். யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார். நான் இயற்பியல் எடுத்ததற்கு அந்தக் கயிறுதான் காரணம் என்று சொன்னால் அது கதை கட்டுவதாகும். ஆனாலும் உராய்வு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த நனைந்த முடிச்சு நினைவுக்கு வருவது உண்மை.

செப்டம்பர் ஐந்தில் ஆசிரியர் நாள். அன்று ஐந்தாம் வகுப்பார் ஆசிரியராக வேடமிட்டுச் சிறுவர்களை அதட்டி மகிழ்வார்கள். வேறொன்றும் பெரிதாக இராது. நவம்பர் 14 குழந்தைகள் நாள், பாவம், எப்போதும் அடைமழையில் வந்து மாட்டிக்கொள்ளும். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்டால் கோடு கரைந்துவிடும். ஆகவே அறைக்குள்ளேயே கரண்டியில் எலுமிச்சம்பழம்.

பொங்கலுக்குப் பிறகு

பொங்கல் விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாளில் பள்ளி வளாகத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமத்துவப் பொங்கல் வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி அரிசி வரும். புழுங்கலும் பச்சையும் கலந்துவிடுவதால் எங்கள் பள்ளிப் பொங்கல் ஒரு நாளும் ஒழுங்காகக் குழைந்ததில்லை. மேல்தெரு, கீழ்த்தெரு, காலனி என்று எந்த வீட்டு அரிசி எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அப்படி வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பின்னாளில் புரிந்தது.

முன்னர் சொல்லாமல் விட்ட மூன்றாவது காரணத்துக்கு இப்போது வருகிறேன். பொங்கல் முடிந்தவுடன் எங்கள் ஊரில் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் போய் மழைக்காலம் தொடங்கும் வரை அங்கேயே குடிசை போட்டுக் கல் அறுப்பார்கள். பிள்ளைகளும் உடன் போகும். சூளைக்கு அருகில் பள்ளி இருந்தால் சிலர் சேர்க்கிறார்கள்; பலர் சேர்ப்பதில்லை. சனவரி 20க்கு மேல் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் சில பெயர்களுக்கு நேரே வரிசையாகக் காலியாக இருக்கும். நான் படித்த காலத்தில் என் வகுப்பில் எட்டுப் பேர். அவர்களில் இருவர் நான்காம் வகுப்புப் பொங்கலுக்குப் போனவர்கள், ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பி வரவேயில்லை.

இந்த இடத்தில்தான் ஆண்டு விழா வருகிறது.

பெரும்பாலும் பள்ளிகளில் பிப்ரவரியிலேயே ஆண்டு விழாவை முடித்துவிடுவார்கள். எங்கள் பெரிய சார் மார்ச் மாதக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைப்பார். வெயில் கொளுத்தும், தேர்வு நெருங்கும் என்று டீச்சர் சொன்னாலும் கேட்க மாட்டார். சென்ற கல்வியாண்டில் நாடகத்துக்கும் கணக்கு வழக்குக்கும் உதவியாக வார இறுதிகளில் நான் ஊருக்குப் போய்வந்தேன். அப்போதுதான் காரணத்தைச் சொன்னார்: "ஒத்திகை ரெண்டு மாசம் நடக்கணும்பா. எனக்கு ஒத்திகைதான் வேணும். விழா அன்னிக்கு மழை வந்து நின்னாக்கூடக் கவலை இல்ல."

நாடகம் பாரி வள்ளல், முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த கதை. வேடம் பங்கிட்ட அன்று நான் உடனிருந்தேன். நன்றாகப் பேசக்கூடிய ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கபிலர் வேடந்தான். பாரி வேடத்தை மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்தார். வசனம் திக்கித் திக்கி வரும் பிள்ளை. எனக்கு வியப்பாக இருந்தது. தனியே கேட்டேன். "அவங்க வீட்டுல போன வாரம் மேஸ்திரி வந்துட்டுப் போனான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அட்டைக் கிரீடத்துக்குத் தங்கக் காகிதம் ஒட்டி முடித்தவுடன் அதைப் பையனின் வீட்டுக்கே எடுத்துப்போய் அவன் தலையில் வைத்துப் பாட்டிக்குக் காட்டினார் பெரிய சார். ராசா ஊரில் இல்லாவிட்டால் நாடகமே நின்றுபோகும், மற்றப் பதினாறு பேருக்கும் வேடம் இல்லாமல் போகும் என்று தாய் தகப்பனிடம் சொன்னார். மிரட்டவில்லை; சட்டம் பேசவில்லை. அந்த வீட்டில் இரண்டு இரவு பேச்சு நடந்திருக்கிறது. முடிவில் பெற்றோர் மட்டும் சூளைக்குப் போனார்கள். பையன் பாட்டியுடன் நின்றான். காலை உப்புமாவும் மதியச் சோறும் பள்ளியில் கிடைக்கும் என்பதும் பாட்டியின் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் இது பலித்தது என்று நான் எழுதினால் பொய்யாகிவிடும். முல்லைக் கொடியாக நிற்க வேண்டிய முதல் வகுப்புச் சிறுமி பிப்ரவரி முதல் வாரத்திலேயே பெற்றோருடன் போய்விட்டாள். அசைந்துகொண்டு நிற்பதைத் தவிர முல்லைக்கு வேறு வேலையில்லை. அந்த வேடத்துக்கு ஒரு குடும்பத்தை நிறுத்தி வைக்கும் வலு இல்லை போலும். அவளுடைய இடத்தில் பச்சைப் புடவை சுற்றிய ஒரு மூங்கில் கழியை நட்டு வைத்தோம்.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை மாலை விழா. டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. திரைக்கு டீச்சரின் புடவைகள் இரண்டு. தேருக்கு மிதிவண்டியில் தென்னங்கீற்று. ஒலிபெருக்கி, சீரியல் விளக்கு, பரிசுக்கு எவர்சில்வர் டம்ளர் எல்லாம் ஊராரின் நன்கொடை. ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயரையும் ஐந்நூறு கொடுத்தவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும் என்பது பெரிய சாரின் கண்டிப்பு. நான்தான் எழுதினேன். என் அம்மா இப்போது மேலாண்மைக் குழுவில் இல்லை. இருந்தாலும் அன்று முதல் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பாரி மன்னன் இரண்டு முறை திக்கினான். இரண்டு முறையும் மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. தேரை முல்லைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கும்போது மிதிவண்டி சாய்ந்து மூங்கில் கழி விழுந்தது. வள்ளல் பாரி அதைத் தானே தூக்கி நட்டுவிட்டு மிச்ச வசனத்தைப் பேசினான். சூளையிலிருந்து அவனுடைய தந்தை மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். வெளிக்கதவருகேதான் நின்றார். பெரிய சார் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்.

ஏப்ரலில் தேர்வு நடந்தது. பையன் எழுதினான். கபிலரும் மற்ற மூவரும் ஐந்தாம் வகுப்பை முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். மீதி பதின்மூன்று. இவ்வாண்டு ஜூனில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டவர்கள் மூன்று பேர்; விசயதசமி அன்று ஒருவர். சூளைக்குப் போன முல்லை ஆடி மாதம் திரும்பி வந்துவிட்டாள். பதிவேட்டில் அவள் பெயர் அடிக்கப்படாமலே இருந்தது. மறுபடியும் பதினேழு.

இந்த ஆண்டு நாடகத்தில் அவளுக்குப் பெரிய வேடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பெரிய சாரிடம் சொல்லியிருக்கிறேன்.